புதிருக்காகப் புதிரா?

எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தமது கையெழுத்துச் சஞ்சிகைக்கென எழுதிய கட்டுரையொன்றைச் சென்ற தவணையில் எம்மிடம் திருத்தத் தந்தனர். 'சோமர்ட்டன் மனிதன்' என்பது தலைப்பு. அவுஸ்திரேலியாவில் அடிலெயிட் நகரை அடுத்த கடற்கரையொன்றில் 1948ஆம் ஆண்டு இறந்து கிடந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இன்னாரென அறியப்படாதிருந்த ஒருவரைப் பற்றியது அக்கட்டுரை. பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தனர். இரண்டொரு சந்திப் பிழைகளை நீக்கினால் அச்சிலும் ஏற்றலாம். ஆயினும் இறுதி வாக்கியத்திலே எமது சிவப்பு மைப் பேனா தயங்கி நின்றது. அம்மனிதர் யாரென்பது 2022ஆம் ஆண்டில் தெரியவந்ததைக் குறிப்பிட்டுவிட்டு, 'இத்துடன் அந்த மர்மத்தின் சுவை கெட்டுவிட்டது' என்று அவர்கள் முடித்திருந்தனர்.

இறந்துபோன ஒரு மனிதனுக்கு அவனுடைய பெயர் திரும்பக் கிடைத்தால் யாருடைய சுவை கெடுகிறது?

மாணவரை நாம் நோகவில்லை. அவ்வாக்கியம் அவர்களுக்குச் சொந்தமானதன்று. இன்னாரெனத் தெரியாத பிணங்களின் அடையாளத்தைத் தேடுவதையே ஓய்வுநேர வேலையாகக் கொண்ட பெருங் கூட்டமொன்று மேலை நாடுகளில் வளர்ந்திருக்கிறது. அவர்கள் பொலிசாரல்லர், வைத்தியரல்லர், இணையத்தின் வழி ஒன்றுகூடிய எழுதுவினைஞர், ஆசிரியர், ஓய்வூதியர், இல்லத்தரசியர். அவர்களது உழைப்பினால் நன்மை விளைந்திருக்கிறது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எனினும் அவர்களைச் சுற்றி நூல்களும் தொலைக்காட்சித் தொடர்களும் ஒலிநாடாக் கதைகளுமாக ஒரு மர்ம வியாபாரம் தழைத்து நிற்கிறது. அவ்வியாபாரம் ஊட்டிய சுவைதான் யாழ்ப்பாணத்துக் குக்கிராமமொன்றின் வகுப்பறை வரை வந்து எம் பிள்ளைகளின் நாவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எமது வழக்கு அதனோடுதான்.

நடந்ததை முதலிற் கூறுவோம். 1948 டிசெம்பர் 1ஆந் திகதி காலையில் சோமர்ட்டன் கடற்கரையிலே, கடற்சுவரில் தலையைச் சாய்த்தபடி, நாற்பது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறந்து கிடந்தார். உடை ஒழுங்காக இருந்தது. பாதி புகைத்த சிகரெட்டொன்று சட்டையின் கழுத்துப் பட்டியிற் கிடந்தது. பணப்பை இல்லை, பணமும் இல்லை. உடுப்புகளிலிருந்த அடையாளச் சீட்டுகள் அகற்றப்பட்டிருந்தன. பயன்படுத்தாத புகையிரதச் சீட்டொன்றும் பஸ் சீட்டொன்றும் சீப்பும் தீப்பெட்டியும் பைகளில் இருந்தன. நஞ்சென ஐயுற்ற வைத்தியர்கள் உடலில் எந்த நஞ்சினையும் கண்டாரல்லர். 1949 சனவரியில் அடிலெயிட் புகையிரத நிலையத்துப் பொதியறையிலே அவருடையதெனக் கருதப்பட்ட பழுப்பு நிறப் பெட்டியொன்று அகப்பட்டது. பின்னர், அவருடைய காற்சட்டையின் சிறு பையொன்றிலே சுருட்டி வைக்கப்பட்டிருந்த கடதாசித் துண்டும் அகப்பட்டது. அதில் அச்சாகியிருந்தவை 'தமாம் ஷுத்' என்னும் இரு பாரசீகச் சொற்கள். எமது ஏட்டுச் சுவடிகளின் ஈற்றில் 'முற்றிற்று' என வருமன்றோ, அதற்கு நிகரானது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழாக்கத்தால் எம்மவர் நன்கறிந்த உமர் கய்யாமின் பாடல்களது ஆங்கிலப் பதிப்பொன்றின் கடைசிப் பக்கத்திலிருந்து அது கிழிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரதியைத் தமது காரிற் கண்டதாக ஒருவர் பின்னர் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பின்புறத்தில் பொருள் விளங்காத எழுத்துகள் ஐந்து வரிகளாகவும், அருகே ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன.

புதிர்ப் பிரியருக்கு வேறென்ன வேண்டும்? கவிதை, கடற்கரை, நஞ்சு, சங்கேத எழுத்து. 1953 நவம்பர் அளவில் அம்மனிதர் இன்னாரெனக் கூறும் 251ஆவது 'விடை' தமக்கு வந்து சேர்ந்ததாகப் பொலிசார் அறிவித்தனர். இருநூற்றைம்பது பேர் தவறாகக் கூறியதில் வியப்பில்லை. மகனையோ கணவனையோ தேடி அலைந்த சிலரும் அவர்களுள் இருந்திருக்கலாம். அக்காலம் கெடுபிடிப் போர் முற்றிய காலம். தென் அவுஸ்திரேலியாவின் வூமெராவில் ஏவுகணைச் சோதனைக் களம் அமைக்கப்பட்டுச் சிறிது காலமே ஆகியிருந்தது. ஆகவே இறந்தவர் ஓர் ஒற்றன் என்றனர். எந்த நாட்டு ஒற்றன் என்பதையும் சொல்ல வேண்டுமோ? சோவியத் நாட்டு ஒற்றன்தான். ஒரு துளி ஆதாரமும் இன்றியே இக்கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. பெயரில்லாத பிணத்தின் வாயிலே எவரும் எந்தச் சொல்லையும் வைக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் அந்தப் பெட்டிக்குட் சற்று நோக்குதல் தகும். கூர்தீட்டிக் குறுக்கிய மேசைக் கத்தியொன்று. முனை தீட்டிய கத்தரிக்கோல். சதுரமாக வெட்டிய நாகத் தகடு. எழுத்துகளை அச்சிடப் பயன்படும் தூரிகை. மெழுகிட்ட செம்மஞ்சள் நூல். இவை யாவும் ஒரு தொழிலாளியின் பெட்டியில் இருப்பவை. உலகின் எந்தப் பட்டறையிலும் பழைய கத்தியை இப்படித் தனக்கேற்ற கருவியாக மாற்றி வைத்திருக்கும் ஒரு கைவினைஞனைக் காணலாம். எங்கள் ஊர்த் தச்சரின் பெட்டியைத் திறந்தாலும் அதில் உடைந்த அரத்திலிருந்து அடித்தெடுத்த உளியொன்று கிடக்கும். ஆயினும் இப்பொருள்களும் மர்மத்தின் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டன. பிணத்தின் கைகளிலே கடின உழைப்பின் தழும்பு இல்லை என்ற குறிப்பையும் கெண்டைக்காலின் அமைப்பையும் கொண்டு அவரை நடனக் கலைஞராக்கியோரும் உளர். கைத்தழும்பு இல்லாதவன் தொழிலாளியாகான் என நினைப்பவர், நுண்கருவி செய்பவனின் விரல்களைக் கண்டறியாதவராவர்.

தொலைபேசி எண்ணுக்குரியவர் அக்கடற்கரைக்கு அண்மையில் வாழ்ந்த ஒரு தாதி. தமக்கு அம்மனிதரைத் தெரியாது என்றார். தமது பெயர் வெளிவரக் கூடாதென வேண்டினார், பொலிசாரும் இசைந்தனர். வாழ்ந்த காலமெல்லாம் அவர் அதற்கு மேல் எதுவும் கூறவில்லை. அவர் மறைந்த பின்னர் பொழுதுபோக்குத் துப்பறிவோர் அவருடைய பெயரை ஊரறியச் செய்தனர். அத்துடன் நின்றார்களா? அவருடைய மகனின் காதுமடலையும் பல்லமைப்பையும் பிணத்தின் நிழற்படத்தோடு ஒப்பிட்டு, இறந்தவரே அம்மகனின் தந்தை என எழுதினர். தாயின் கற்பையும் மகனின் பிறப்பையும் அறிமுகமற்ற ஆயிரம் பேர் தமது மேசைகளிலிருந்து அளந்து தீர்ப்புக் கூறினர். பின்னர் வந்த மரபணுச் சோதனை அவ்வுறவை முற்றாகப் பொய்ப்பித்தது. அதற்கிடையிலே தாயும் இறந்துவிட்டார், மகனும் இறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்கும் எவருமில்லை.

விடை வந்த விதம் இது. 1949இல் அடக்கத்திற்கு முன்னர் பொலிசார் பிணத்தின் தலையையும் மார்பையும் சாந்தினால் வார்த்து வைத்திருந்தனர். அவ்வார்ப்பில் ஒட்டியிருந்த மயிர்களிலிருந்து அடிலெயிட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபொட் மரபணுவைப் பெற்றார். அமெரிக்காவைச் சேர்ந்த வம்சாவளி ஆய்வாளர் கொலீன் பிற்ஸ்பற்றிக் அவருடன் இணைந்தார். தூரத்து உறவினரின் மரபணுக்களோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ 4000 பெயர்களைக் கொண்ட வம்ச விருட்சமொன்றை அவர்கள் எழுப்பினர். அதன் கிளைகளில் இறப்புப் பதிவு இல்லாத ஒருவர் எஞ்சினார். 2022 யூலையில் அப்பெயரை அறிவித்தனர். கார்ல் வெப். மெல்பேண் நகரின் புட்ஸ்கிறே பகுதியில் 1905இல் பிறந்தவர். ஆறு பிள்ளைகளுள் இளையவர். மின்பொறியியல் வேலையும் நுண்கருவிகள் செய்யும் வேலையும் பார்த்தவர். பெட்டியிலிருந்த உடுப்புகளில் எழுதப்பட்டிருந்த 'கீன்' என்னும் பெயர் அவருடைய மைத்துனரின் பெயர். மைத்துனரின் பழைய உடுப்பை வாங்கி உடுத்தியவர் போலும்! எழுபது ஆண்டுகளாக ஒற்றனின் பொய்ப் பெயரெனக் கருதப்பட்டது அது. பொலிசார் இம்முடிவை உடனே உறுதிசெய்யவில்லை. ஆயினும் ஆய்வாளர் பலர் ஏற்றுக்கொண்டனர்.

ஆக, அம்மனிதர் ஒரு தொழிலாளி. மணவாழ்வு முறிந்து, வீட்டை விட்டு வெளியேறி, வேறொரு மாநிலத்துக் கடற்கரையில் இறந்துபோன தொழிலாளி. இவ்விடை கிடைத்ததும் எத்தனை பேர் முகஞ்சுளித்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒற்றனைக் காணோம், சங்கேதத்தைக் காணோம். அந்த ஐந்து வரிகளும் குதிரைப் பந்தயக் குதிரைகளின் பெயர்களது முதலெழுத்துகளாக இருக்கலாம் என்று அபொட்டே கூறினார். 'இவ்வளவுதானா?' என்றது மர்ம வியாபாரம். எம் மாணவரின் வாக்கியம் பிறந்தது இந்த 'இவ்வளவுதானா'விலிருந்துதான்.

எமக்கோ, உண்மையான வினா அப்போதுதான் தொடங்குவதாகத் தோன்றுகிறது. ஐந்து உடன்பிறப்புகளைக் கொண்ட, கைத்தொழில் தெரிந்த ஒருவர் வீடு திரும்பவில்லை. அவருடைய இறந்த முகம் பத்திரிகைகளில் வெளிவந்தது. மெல்பேணுக்கும் அடிலெயிட்டுக்கும் இடையே ஓர் இரவுப் புகையிரதப் பயணந்தான் தூரம். அப்படியிருந்தும் 'இவர் எம்மவர்' என்று கூற ஒருவரும் வரவில்லையெனில், அக்காலத்து நகர வாழ்வு எத்தகையது? வேலைத்தலத்தில் அவருக்கு அருகே நின்றவர் யார்? வாடகை அறையின் சொந்தக்காரர் யார்? ஒற்றனைத் தேடிய துப்பறிவோர் இவ்வினாக்களைக் கேட்டதாக நாம் அறியோம். கேட்டிருந்தால் கதை மந்தமாகியிருக்கும், விலைபோயிராது.

ஒரு காட்சியை மட்டும் இங்கு கூறாதிருக்க முடியவில்லை. 1949 யூன் 14ஆந் திகதி அவர் அடக்கம் செய்யப்பட்டபோது, அநாதைப் பிணமாகப் புதைக்கப்படாதிருக்கும் பொருட்டுச் செலவை ஏற்றோர் யாரெனில், குதிரைப் பந்தயத்திற் பணம் பிடிப்போரின் சங்கத்தினர். இரட்சணிய சேனையார் செபம் செய்தனர். பெயரில்லாத ஒருவனுக்காகக் கையிலிருந்த பணத்தைப் போட்ட அம்மனிதர் எந்தப் புதிரையும் விடுவிக்கவில்லை. எந்த நூலும் அவர்களைக் கதாநாயகராக்கவில்லை.

'கலை கலைக்காகவா?' என்னும் பழைய வழக்கை எமது வாசகர் நன்கறிவர். அதில் யாம் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதும் தெரிந்ததே. இன்று அதே வழக்கு வேறுடையில் வந்திருக்கிறது. புதிர் புதிருக்காகவே என்று கூறுவோர்க்கு இறந்தவன் ஒரு கருவி; அவனுடைய பெயரின்மை ஒரு சுவை. அச்சுவையை இயன்றவரை நீட்டித்தல் வேண்டும். பெயர் கிடைத்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

இனி, மறுபக்கத்தையும் பேசுவோம். பொழுதுபோக்குத் துப்பறிவோர் எல்லாரையும் ஒரே கயிற்றிற் கட்டுவது அநீதி. அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் 1968இல் கூடாரத் துணியிற் சுற்றப்பட்டிருந்த இளம் பெண்ணொருத்தியின் சடலம் கண்டெடுக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், அவள் யாரெனக் கண்டவர் ரெனசி மாநிலத்துத் தொழிற்சாலைத் தொழிலாளியான ரொட் மத்தியூஸ். வேலை முடிந்த இரவுகளிற் கணினியின் முன்னிருந்து, காணாமற்போனோர் பற்றிய அறிவித்தல்களை ஒவ்வொன்றாகப் படித்து வந்தார். தமக்கையைத் தேடிய ஒரு குடும்பத்தின் அறிவித்தல் அவர் கண்ணிற் பட்டது. பல்கலைக்கழகப் பட்டம் அவருக்கில்லை, பொலிஸ் அதிகாரமில்லை. இருந்தது பொறுமை. கொலீன் பிற்ஸ்பற்றிக்கும் மார்கிறெற் பிறெஸ்ஸும் 2017இல் தொடங்கிய மரபணு அமைப்பிலும் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்களே பெரும்பாலர். பல பத்தாண்டுகளாகக் கல்லறையில் இலக்கங்களாகக் கிடந்தோர் அவர்களால் மீண்டும் பெயர் பெற்றுள்ளனர். இந்த உழைப்பை நாம் தலைவணங்கி ஏற்கின்றோம். பண்டிதரும் அதிகாரிகளும் முடியாதெனக் கைவிட்டதைச் சாதாரண மக்கள் செய்து காட்டியிருக்கின்றனர்.

அவ்வாறாயின் குறை எங்கே? தெரிவிலே குறை. அமெரிக்காவில் ஏறத்தாழ 40,000 பேரின் எச்சங்கள் இன்னாரென அறியப்படாது கிடக்கின்றன என 2007இல் அந்நாட்டு நீதித்துறை ஆய்விதழ் மதிப்பிட்டது. ஓசையின்றி நடந்த பேரழிவு என்று அதனை வருணித்தது. இத்தனை பேருள் எவரை முதலில் தேடுவது? இங்கேதான் சந்தை நுழைகிறது. 2018ஆம் ஆண்டு யூலையில் புளோரிடாவின் காட்டொன்றில், கூடாரத்தினுள்ளே ஒரு நடைப்பயணி பட்டினியால் மெலிந்து இறந்து கிடந்தார். வழியிற் சந்தித்தோர் எடுத்த படங்களில் அவர் அழகராகக் காணப்பட்டார். கண்களில் கனிவு தெரிந்தது. ஆயிரக்கணக்கானோர் அவரைத் தேடினர். மரபணுச் சோதனைக்குத் தமக்குள் பணமும் திரட்டினர். பெயரும் தெரிந்தது. அதன்பின் அவரோடு முன்பு வாழ்ந்த பெண்கள் தாம் பட்ட கொடுமைகளைக் கூறத் தொடங்கியதும், தேடியவர்களுள் ஒரு பகுதியினர் ஏமாற்றப்பட்டவர்போற் சினந்தனர். இறந்தவர் அவர்களிடம் நல்லவராக இருப்பதாக வாக்களித்தாரா? அவர்கள் தேடியது தாமே புனைந்துகொண்ட ஒரு துறவியை. அதே ஆண்டில் அதே நாட்டின் தெற்கெல்லைப் பாலைவனத்திலே வேலை தேடி வந்து நீரின்றி மாண்ட மெக்சிக்கோவினரும் குவாத்தமாலாவினரும் அரிசோனாப் பிரேதச்சாலைகளில் இலக்கமிடப்பட்டுக் கிடந்தனர். அவர்களுடைய படங்கள் அழகாயில்லை.

'விரும்பியதைத் தேட எவருக்கும் உரிமையுண்டு. தம் காசு, தம் நேரம்' என எமது நண்பரொருவர் வாதித்தார். அவரும் ஓர் ஆசிரியர், நல்லவர், துப்பறியும் நாவல்களில் நாட்டமுடையவர். உரிமையை நாம் மறுக்கவில்லை. ஓர் இறந்த மனிதனின் பெயர் ஓய்வுநேரத்தாரின் விருப்பத்திலே தங்கியிருக்க விடும் சமுதாயத்தைத்தான் கேட்கின்றோம். பள்ளிக்கூடமில்லாத ஊரில் ஒரு புண்ணியவான் திண்ணையில் இருந்து பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தால் அவரைப் போற்றலாம். அதற்காக அவ்வூருக்குப் பள்ளிக்கூடம் வேண்டாமென்று சொல்வார் உளரோ? திண்ணை வாத்தியார் தமக்குப் பிடித்த முகமுடைய பிள்ளைக்கு மட்டும் கற்பிப்பாராயின் நிலைமை எப்படியிருக்கும்?

முகத்தைப் பாராது செய்யப்பட்ட பணியொன்று உண்டு. அதனை எம் மாணவர் அறிந்திருக்கவில்லை. நாமும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அறிந்திருக்கவில்லை. 2015 ஏப்பிரல் 18ஆந் திகதி லிபியாவிலிருந்து புறப்பட்ட மீன்பிடிப் படகொன்று மத்தியதரைக் கடலிற் கவிழ்ந்தது. பல நூறு ஆபிரிக்கர் அதனுள் அடைபட்டு மாண்டனர். இத்தாலியக் கடற்படையினர் 2016இல் அப்படகைக் கடலடியிலிருந்து தூக்கிச் சிசிலித் தீவுக்குக் கொண்டுவந்தனர். தீயணைப்புப் படையினர் சடலங்களை வெளியே எடுத்தனர். மிலான் பல்கலைக்கழகத் தடயவியல் வைத்தியர் கிறிஸ்தினா கத்தானியோவும் இத்தாலியின் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தோரும் ஊதியமின்றி ஒவ்வொரு சடலத்தையும் ஆராய்ந்தனர். உடுப்புகளின் மடிப்பில் தாய்நாட்டு மண்ணை முடிந்து வைத்திருந்தோர் இருந்தனர். மாலி நாட்டைச் சேர்ந்த, பதினான்கு வயதளவான ஒரு சிறுவனின் மேற்சட்டையினுள்ளே ஏதோ தைக்கப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தனர். அது அவனுடைய பாடசாலைத் தேர்ச்சியறிக்கை.

ஒவ்வொரு தவணையின் ஈற்றிலும் நாம் நாற்பது தேர்ச்சியறிக்கைகளை நிரப்புகின்றோம். கணிதம் இவ்வளவு, விஞ்ஞானம் இவ்வளவு, 'இன்னும் முயல்க' என ஒரு குறிப்பு. பிள்ளைகள் அதனை வீட்டுக்குக் கொண்டுசெல்லவே அஞ்சுவர். அச்சிறுவனோ கடலைக் கடந்ததும் அதனை எவரிடமோ காட்டலாமென நம்பித் தன் உடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறான். அந்த எண்களை எழுதிய ஆசிரியர் ஒருவர் மாலியில் எங்கோ இருந்தார். இதிலே சங்கேதமில்லை. விடுவிப்பதற்குப் புதிரில்லை. அவன் ஏன் இறந்தான் என்பதற்கு நஞ்சைத் தேட வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானத்தில் ஏறுவதற்கான கடதாசி அவனிடம் இல்லை, அவ்வளவே. 2014இலிருந்து மத்தியதரைக் கடலில் மாண்டோரும் மறைந்தோரும் 30,000 பேருக்கு மேலாவர் என்பது சர்வதேச குடிபெயர்வு அமைப்பின் கணக்கு. அவர்களுட் பெரும்பாலோர்க்குப் பெயர் தேடப்படவேயில்லை.

கத்தானியோ ஒரு செய்தியை மீண்டும் மீண்டும் வற்புறுத்தி வந்திருக்கிறார். பெயர் வேண்டியிருப்பது உயிரோடிருப்பவர்க்கே என்பது அது. தந்தையின் மரணம் உறுதியாகாவிடின் பிள்ளைக்கு அநாதையென்னும் சட்டநிலை இல்லை. வேறு நாட்டிலுள்ள சிறிய தாயிடம் அதனை அனுப்ப இயலாது. விதவைக்கு விதவையென்னும் பெயரும் இல்லை. இந்தக் கணக்கு எமக்குப் புதியதன்று. ஈமக் கிரியை செய்யும்போது குருக்கள் இறந்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். 'காணாமற்போனவர்' என்பதற்கு நட்சத்திரம் எது? பொட்டு வைப்பதா அழிப்பதா என்றறியாத பெண்கள் எமது ஒழுங்கைகள் தோறும் உள்ளனர். 2016இல் அரசு கொண்டுவந்த சட்டம் 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' என ஒன்றை வகுத்தது. 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் அச்சான்றிதழையா கேட்டனர்? பிள்ளை எங்கே என்று கேட்டனர். அவர்களுள் எத்தனையோ பேர் விடை பெறாமலே இறந்து போயினர்.

சங்க இலக்கியங் கற்பிக்கும் நாம், நடுகல்லிலே பெயரும் பெருமையும் பொறித்து வைத்த மரபினர் என்று மேடைகளில் முழங்குவதுண்டு. அம்மரபு உண்மையே. ஆயின் ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவனுக்குக் கல் நட்டவர், அம்மறவனுக்குச் சோறாக்கியவளுக்கும் அவனது நிலத்தை உழுதவனுக்கும் கல் நட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் தாழிகளுள் பெயரின்றிக் கிடந்தனர். வீரனுக்கு மட்டும் கல் நட்ட மனமும் மர்ம மனிதனுக்கு மட்டும் பெயர் தேடும் மனமும் ஒரே குலத்தவை என நாம் கூறினால் பண்டித நண்பர்கள் கோபிப்பர். கோபிக்கட்டும்.

செம்மணிக்கு வருவோம். 1998இல், கொலைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட இராணுவத்தினன் ஒருவன் அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டனரென நீதிமன்றிலே கூறினான். 1999இல் 15 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பின்னர் நீண்ட மௌனம். 2025இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்திலே கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டிற்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் அடையாளங் காணப்பட்டன. அவற்றுள் ஒன்று ஒரு குழந்தையுடையது; அதனருகே நீல நிறப் புத்தகப் பையொன்றும் விளையாட்டுப் பொம்மையும் இருந்தன. தெற்கிலும் இதே கதைதான். மாத்தளை மருத்துவமனை வளவில் 2012இல் வெளிப்பட்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எக்காலத்தவை என்பதிலேயே அரச ஆணைக்குழுவும் நீதிமன்றத்துக்கு ஆய்வு செய்த தொல்லியலாளரும் மாறுபட்டனர். 1980களின் ஈற்றில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் அந்த மாறுபாட்டின் நடுவிலே நின்றனர்.

2025 ஓகஸ்ட் 5ஆந் திகதி, நீதிமன்றக் கட்டளைப்படி, செம்மணியிற் கண்டெடுத்த உடுப்புகளும் பொருள்களும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. எவரேனும் இனங்கண்டால் கூறலாமென அழைப்பு விடுக்கப்பட்டது. இருபது முப்பது ஆண்டுகள் மண்ணுட் கிடந்து நிறமிழந்த துணிகள், செருப்புகள், வளையல்கள். வந்தோர் ஒவ்வொன்றின் முன்னும் நின்று குனிந்து பார்த்தனர். துப்பறிவோரென அவர்களை எவரும் அழைக்கவில்லை. அவர்களிடம் வம்ச விருட்சமில்லை, ஆய்வுகூடமில்லை, அன்று காலை அவன் எந்தச் சட்டையை உடுத்திப் போனான் என்னும் நினைவு மட்டுமே இருந்தது. ஒரு பொத்தானை வைத்து மகனை அறிய வேண்டிய பொறுப்பைத் தாயின் கண்ணிலே சுமத்திவிட்டு, மரபணுவும் ஆய்வுகூடமும் இவர்களுக்கு எப்போது என்ற வினாவைப் பின்னுக்குத் தள்ளுவதையே நாம் எதிர்க்கின்றோம். அடிலெயிட்டில் ஒரு மயிரிலிருந்து 4000 பேரின் வம்சத்தை வரைய முடிந்ததெனில், உயிரோடு வந்து கையை நீட்டி இரத்தம் தரக் காத்திருக்கும் தாயோடு ஓர் எலும்பை ஒப்பிடுவது அதனினும் அரிதான காரியமா? அவள் இருக்கும்போதே ஒப்பிட வேண்டும். ஆண்டுகள் கழிந்தால் அவளுக்கும் பேரப்பிள்ளையின் மரபணுவைத்தான் தேட வேண்டிவரும்.

நாம் இவற்றையெல்லாம் மாணவருக்கு இரண்டு பாடவேளைகளில் கூறினோம். விஞ்ஞானப் பிரிவிலே படிக்கும் ஒருத்தி, மயிரின் தண்டிலிருந்து எப்படி மரபணு எடுக்கலாமென்று விசாரித்து வந்து மற்றவர்களுக்கு விளக்கினாள். இன்னொருவன் தன் பெரியப்பா ஒருவரைப் பற்றி முதன்முறையாக வகுப்பிற் பேசினான். அதனை இங்கு எழுத அவன் சம்மதிக்கவில்லை.

கட்டுரையை அவர்கள் திருப்பி எழுதியிருக்கிறார்கள். 'கார்ல் வெப் என்னும் தொழிலாளி' என்பது புதுத் தலைப்பு. பெட்டியிலிருந்த கருவிகளின் படமொன்றையும் வரைந்து சேர்த்திருக்கிறார்கள். இறுதி வாக்கியம் போய்விட்டது. ஐந்து வரிச் சங்கேத எழுத்துகளை மட்டும் நீக்க மறுத்துவிட்டனர். அவை என்னவென்று தாம் கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்கின்றனர். நாம் வற்புறுத்தவில்லை.